கடைக்காரர் ஒன்று சொல்கிறார், கூட்டாளி வேறொன்று சொல்கிறார்: கடல்நீர் மீன்தொட்டி தொடங்கும்போது யார் பேச்சைக் கேட்பது?

"அக்கா, நாளைக்கே மீன் போடலாம்னு கடையில சொல்றாங்க. என் கூட்டாளி ஆறு வாரம் காத்திருக்கணும்னு சொல்றான். யார் சொல்றது சரி?"

போன மாதம் என் சித்தப்பா மகன் கேட்ட கேள்வி இது. அவனுக்கு வயது 20. தேசிய சேவையில் கிடைக்கும் மாதப் படியிலிருந்து ஓராண்டாகச் சேர்த்த 1,500 வெள்ளி கையில் இருக்கிறது. ஆசை ஒன்றே ஒன்றுதான். வீட்டு வரவேற்பறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி. அதில் இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளம்.

என்னிடம் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு தொட்டி வைத்திருந்தேன். அது எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நன்னீர் மீன் வளர்ப்பது வேறு, கடல்நீர் மீன் வளர்ப்பது வேறு. நன்னீர்த் தொட்டியில் தப்பு செய்தால் சில வெள்ளி போகும். கடல்நீர்த் தொட்டியில் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளியும், கடலிலிருந்து பிடித்துவரப்பட்ட உயிர்களும் போய்விடும். அதனால்தான் தொடங்குபவர்கள் எல்லாரிடமும் ஆலோசனை கேட்கிறார்கள். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

ஒரே கேள்விக்கு மூன்று பதில்

"எப்ப மீன் போடலாம்?" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

கடைக்காரர் சொல்வார்: "இந்த பாட்டில் பாக்டீரியாவ ஊத்துங்க, நாளைக்கே போடலாம்." பத்து ஆண்டு அனுபவமுள்ள ஆர்வலர் சொல்வார்: "குறைஞ்சது ஆறு வாரம்." மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் நாள்கணக்கே வராது. "அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மூன்றும் முரண்படுவதுபோலத் தெரியும். உள்ளே நடப்பது தெரிந்தால் அப்படித் தோன்றாது.

மீனின் கழிவும் மிச்சமான உணவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருக்காது. அவை பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

கடல்நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் பிஎச் அளவு 8.1லிருந்து 8.4 வரை இருக்கும். பிஎச் கூடக்கூட அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க பகுதியின் அளவும் கூடும். அதாவது, நன்னீர் மீன் எப்படியோ தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியா கடல்மீனைச் சாகடிக்கலாம்.

இப்போது மூன்று பதில்களையும் திரும்பிப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன பாட்டில் ஏமாற்று வேலை அல்ல. உயிருள்ள நுண்ணுயிர்கள் அதில் இருந்தால் காத்திருக்கும் காலம் உண்மையிலேயே குறையும். ஆனால் அந்த பாட்டில் வெயிலில் எத்தனை நாள் கிடந்தது, உள்ளே இருப்பவை உயிரோடுதான் உள்ளனவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்வலர் சொன்ன ஆறு வாரம் அவருடைய தொட்டிக்குப் பொருந்திய கணக்கு. மருத்துவர் கேட்டது மட்டும்தான் உங்கள் தொட்டியைப் பற்றிய கேள்வி.

சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி நீங்களே அளந்து பார்க்கலாம். மீனே இல்லாத தொட்டியில் சிறிதளவு அம்மோனியா சேர்க்க வேண்டும். ஒரு நாளுக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். அது மூன்றாவது வாரத்தில் நடக்கலாம், ஏழாவது வாரத்திலும் நடக்கலாம்.

ஒரு காலத்தில் இதற்கு டேம்சல் மீன்களைப் பயன்படுத்துவார்கள். விலை மலிவு, எதையும் தாங்கும் என்று சொல்லி முதலில் அவற்றைப் போட்டு, அவற்றின் கழிவில் நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த ஆலோசனைதான் அது. அந்த மீன்கள் எரியும் செவுளோடு வாழ்ந்தன, அல்லது செத்தன. பிழைத்தவை அப்புறம் வரும் மீன்களை விரட்டி விரட்டிக் கடித்தன. மீன் இல்லாமலேயே தொட்டியைத் தயார்செய்யும் முறை இன்று பரவலாகிவிட்டது. இன்னமும் டேம்சலைப் போடச் சொல்பவர், கடைக்காரரோ ஆர்வலரோ, அவருடைய அறிவு பழையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

'நிபுணர்' என்றால் யார்?

"நிபுணரைக் கேளு" என்று சொல்வது சுலபம். எந்த நிபுணரை?

மீன் விற்பவர் ஒரு வகை. வீடுவீடாக, அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தொட்டிகளைப் பராமரிப்பவர் இன்னொரு வகை. இறக்குமதி செய்பவர், கால்நடை மருத்துவர், பெரிய மீன்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர் என்று வகைகள் நீள்கின்றன. எல்லாரும் இதைத் தொழிலாகச் செய்பவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு வேறு.

விற்பவர் ஆயிரக்கணக்கான மீன்களைப் பார்த்திருப்பார். நோயுற்ற மீன் எது, வந்து இறங்கிய களைப்பில் இருக்கும் மீன் எது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண் உங்களுக்கும் எனக்கும் வர வருடக்கணக்கு ஆகும். ஆனால் அவர் கடையில் ஒரு மீன் தங்குவது சில நாளோ சில வாரமோதான். ஆறாம் மாதத்தில் அந்த மீனுக்கு என்ன ஆகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை. கடைத் தொட்டிகள் பலவற்றில் நோய் பரவாமலிருக்க உப்பின் அளவைக் கொஞ்சம் குறைத்தோ மருந்து கலந்தோ வைத்திருப்பார்கள். விற்பனைக்கு அது சரியான முறையே. அதைப் பார்த்து, "கடையில இப்படித்தானே வெச்சிருந்தாங்க" என்று வீட்டிலும் அதே அளவை வைத்தால் பவளம் தாங்காது.

மீன்காட்சியகத்தில் வேலை பார்ப்பவருக்கு நிறையத் தெரியும். ஆனால் அவர் பழகியது லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரோடும், ஆய்வுக்கூடத்தோடும், இரவு பகலாக மாறி மாறி வேலை பார்க்கும் ஊழியர்களோடும். உங்களிடம் இருப்பது 120 லிட்டர். அங்கே ஒரு மீன் செத்துக் கிடந்தால் தண்ணீரின் தன்மை மாறவே மாறாது. உங்கள் வீட்டில் ஒரே இரவில் மாறிவிடும்.

என்னைக் கேட்டால், வீட்டுத் தொட்டிகளைப் பராமரிப்பவரின் பேச்சுக்கு மதிப்பு கூடுதல். பலருடைய தோல்வியைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான். துரதிர்ஷ்டம், தொடங்குபவர்கள் அவரைச் சந்திப்பதே இல்லை. தொட்டி பாழான பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆர்வலர்களின் பலமும் பலவீனமும்

ஆர்வலருக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை. ஒரே தொட்டியைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார். மூன்றாவது மாதம் பாறையெல்லாம் பழுப்பாகப் பாசி படியும்போது, "ஒன்னும் பண்ணாத, தானா போயிடும்" என்று அவர்தான் சொல்வார். புதுத் தொட்டிகளில் அப்படிப் படிவது சகஜம். அதே நேரத்தில் கடைக்குப் போனால் கையில் ஒரு பாட்டில் மருந்தோடு திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு.

எந்த மீனை வாங்கக்கூடாது என்பதிலும் ஆர்வலர்கள் கெட்டிக்காரர்கள். மாண்டரின் மீன் என்று ஒன்று உண்டு. நீலமும் ஆரஞ்சும் கலந்து, பட்டுச் சேலை போட்டதுபோல் இருக்கும். கடையில் பார்த்தால் விட்டுவர மனசே வராது. ஆனால் அது பாறை இடுக்கில் வாழும் நுண்ணிய உயிரினங்களை நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது. பெரும்பாலும் கடையில் விற்கும் தீனியையும் அது தொடாது. மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும்.

நீல டேங் மீனும் அப்படித்தான். 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு எல்லாருக்கும் அது 'டோரி'. கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை வரும், ஓயாமல் நீந்தும். 60 சென்டிமீட்டர் தொட்டியில் அதைப் போடுவது, ஒருவரை மின்தூக்கிக்குள் குடிவைப்பதுபோல. கடலிலிருந்து பிடிக்காமல் அதை முதன்முறையாக வெற்றிகரமாக வளர்த்துக் காட்டியது ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு. அதுவே 2016இல்தான் நடந்தது. கோமாளி மீன் விஷயத்தில் அந்தக் கவலை குறைவு. பண்ணையில் பிறந்து வளர்ந்தவை தாராளமாகக் கிடைக்கின்றன. கேட்டு வாங்கலாம்.

சரி, ஆர்வலர்களின் பலவீனம் என்ன? அவர்கள் பார்த்தது பெரும்பாலும் ஒரே ஒரு தொட்டி. அது நன்றாக இருக்கிறது என்பதற்காக, அவர் செய்த எல்லாமே சரி என்று ஆகிவிடாது. சில தவறுகள் செய்தும் பிழைத்திருக்கலாம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தோற்றுப்போனவர்கள் தொட்டியை விற்றுவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள். நமக்குக் கேட்பது ஜெயித்தவர்களின் குரல் மட்டும்தான். "நான் தண்ணியே மாத்தினதில்ல, எட்டு வருஷமா ஓடுது" என்று ஒருவர் சொன்னால், அதே மாதிரி செய்து எட்டு மாதத்தில் மூடிய எத்தனை பேர் அங்கே வாய் திறக்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆர்வலர்களை எளிதாக எடைபோட்டுவிடவும் முடியாது. இந்தத் துறையே அவர்களுக்குக் கடன்பட்டது. உயிருள்ள பாறை, காற்றுக் குமிழ், சூரிய வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளத்தை வளர்க்கலாம் என்று 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதியவர், நமக்குப் பக்கத்திலிருக்கும் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங். வீட்டில் பவளம் வளர்ப்பது நடக்காத காரியம் என்று பலர் நினைத்திருந்த காலம் அது. பிறகு பெர்லின் நகர ஆர்வலர்கள் பாறை, புரோட்டீன் ஸ்கிம்மர், வலுவான விளக்கு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான டீட்ரிஷ் ஷ்டூபர் தம் வீட்டில் வளர்த்த பவளத்தை ஒடித்து ஒடித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் பின்பற்றப்படும் முறைக்கு 'பெர்லின் முறை' என்றுதான் பெயர்.

என் தொட்டிக்கு என்ன ஆனது?

இப்போது என் கதை.

தொட்டி ஐந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துப்புரவு இறால், நாலைந்து நத்தைகள், இரண்டு சிறு பவளங்கள். ஒருநாள் காலையில் ஒரு கோமாளி மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனுக்கு போன் போட்டேன். பன்னிரண்டு ஆண்டு அனுபவம். அவர் யோசிக்கவே இல்லை. "காப்பர் மருந்து ஊத்தும்மா, போயிடும். நான் எத்தனை தடவை ஊத்தியிருக்கேன்." அவருக்கு என்மேல் அக்கறை இருந்தது, சந்தேகமே இல்லை.

வேலை முடிந்து கடைக்கு ஓடினேன். காப்பர் மருந்து கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்கள், காசை வாங்கிக்கொண்டார்கள். இரவு பத்து மணிக்கு அளவு பார்த்துத் தொட்டியில் ஊற்றினேன்.

காலையில் இறால் மல்லாந்து கிடந்தது. அடுத்த இரண்டு நாளில் நத்தைகள் எல்லாம் போயின. பவளங்கள் சுருங்கின, திரும்ப விரியவே இல்லை.

செம்பு ஒட்டுண்ணியைக் கொல்லும் என்பது உண்மை. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களையும் அது கொல்லும். பாறையிலும் மணலிலும் ஊறிவிடும் என்பதால் அந்தப் பாறைகளைத் திரும்பப் பயன்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. மருந்தைத் தனித் தொட்டியில்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அளந்து அளந்து. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பெரிய தொட்டியைப் பல வாரம் மீனில்லாமல் விட வேண்டும். ஏனென்றால் ஒட்டுண்ணி மீனிலிருந்து கழன்று மணலில் கூடு கட்டிக் காத்திருக்கும். இரண்டு மாதத்துக்கும் மேல் அப்படி இருந்துவிட்டு வெளிவந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

பல மாதம் கழித்து அந்த அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அழகான, பெரிய தொட்டி. மீன்கள் மட்டும். ஓர் இறால் இல்லை, ஒரு நத்தை இல்லை, பவளம் இல்லை.

அவர் சொன்னது அவருடைய தொட்டிக்குச் சரி. கடைக்காரர் நான் கேட்ட பொருளைத்தான் கொடுத்தார். "உன் தொட்டியில வேற என்ன இருக்கு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, தொழில்முறையாளர் சொல்வது, ஆர்வலர் சொல்வது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. பதில் சொல்வதற்கு முன் என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டாரா என்றுதான் பார்க்கிறேன்.

குளிர்நாட்டு ஆலோசனை, சிங்கப்பூர் வெப்பம்

நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுக்கப்பட்டவை. அங்கே தொட்டிக்கு முதலில் வாங்கச் சொல்வது ஹீட்டர். இங்கே பிரச்சினை நேர்மாறு. பவளத் தொட்டிக்கு 25லிருந்து 27 டிகிரி செல்சியஸ் உகந்தது. வீவக வீட்டு வரவேற்பறையில் மத்தியானம் 30 டிகிரியைத் தாண்டும். மோட்டாரும் விளக்கும் அதை இன்னும் சூடாக்கும்.

"நம்ம கடல்லயே பவளம் இருக்கே, அதுக்கு யாரு சில்லர் வெச்சாங்க?" என்று கேட்கும் ஆர்வலர்களும் உண்டு. நல்ல கேள்விதான். சிங்கப்பூர்க் கடலில் சுமார் 250 வகைக் கல்பவளங்கள் இருக்கின்றன. ஆனால் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடான 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் அவையும் வெளிறின. கடலிலேயே அந்த நிலை என்றால் 120 லிட்டர் தொட்டியில் கேட்கவே வேண்டாம். மீன் மட்டும் வளர்ப்பதென்றால் சற்றுக் கூடுதல் வெப்பத்தையும் சமாளிக்கலாம். பவளம் வேண்டுமென்றால் சில்லருக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும். என் தம்பியின் 1,500 வெள்ளிக் கணக்கில் அது இல்லவே இல்லை. யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை.

காற்றாடி வைத்தும் குளிரவைக்கலாம். தண்ணீர் ஆவியாகும்போது சூடு குறையும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். மீண்டும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பின் அளவு ஏறிக்கொண்டே போகும். தொடங்குபவர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

குழாய்த் தண்ணீர் விஷயத்திலும் ஒரு பழைய ஆலோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. "வாளியில பிடிச்சு ஒரு நாள் வெச்சா குளோரின் போயிடும்." குளோரின் போகும். ஆனால் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அது ஒரே இரவில் பறந்துபோகாது. அதை நீக்கும் மருந்து வேண்டும், இல்லையென்றால் ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். பவளத் தொட்டிக்கு இரண்டாவதுதான் நல்லது.

இதிலெல்லாம் கடைக்காரரோ ஆர்வலரோ, இந்த ஊரில் தொட்டி வைத்திருப்பவரின் பேச்சுக்கு வெளிநாட்டுக் காணொளியைவிட எடை அதிகம்.

ஆர்வலரிடம் கேட்கக்கூடாதவை

சில விஷயங்களில் அனுபவம் போதாது.

முதலில் எடை. 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள தொட்டி முழுக்க நிரம்பினால் 432 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம் கனம். தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 440 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், அடியில் உள்ள அலமாரி எல்லாம் தனி. "என் வீட்டுல வெச்சிருக்கேன், ஒன்னும் ஆகல" என்பது பதில் ஆகாது. இவ்வளவு பெரிய தொட்டி என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ தகுதிபெற்ற கட்டுமானப் பொறியாளரிடமோ கேட்க வேண்டும். தம்பியின் தொட்டி 60 சென்டிமீட்டர்தான், அதனால் அவனுக்கு இந்தக் கவலை குறைவு.

அடுத்து மின்சாரம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் 2025 ஜூலை முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் அது வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கம்பிகள் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகும்படி வையுங்கள். அப்போது வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. 'பாலித்தோவா' போன்ற பொத்தான் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு இருக்கும். வேண்டாத பவளம் பாறையில் பரவிவிட்டால், "பாறையை வெந்நீரில் கொதிக்க வைங்க" என்று சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். நஞ்சு ஆவியோடு வீடெங்கும் பரவும். 2018இல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபர்ட்ஷர் வட்டாரத்தில் ஒருவர் தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய், மொத்தக் குடும்பமும் உதவிக்கு வந்த அவசரச் சேவை ஊழியர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பவளத்தைத் தொடும்போது கையுறை போடுங்கள், கண்ணாடி அணியுங்கள். தொட்டபின் உடல்நிலை சரியில்லை என்றால் நேரே மருத்துவரிடம் போய், என்ன தொட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எந்தக் குழுவிலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாகச் சட்டம். கல்பவளங்கள், கடற்குதிரைகள், ராட்சதச் சிப்பிகள் ஆகியவை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் அனைத்துலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டின்கீழ் வருகின்றன. பாத்தாமுக்கோ ஜொகூருக்கோ போய், "சின்னத் துண்டுதானே" என்று பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வாங்கும் கடையில் அந்தப் பவளம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். வளர்க்க முடியாமல் போன மீனைக் கடலில் விடுவதும் தவறு, அனுமதியின்றி விலங்குகளை விடுவிப்பதற்குச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. கடையிலோ இன்னோர் ஆர்வலரிடமோ கொடுத்துவிடலாம்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். யார் ஆலோசனை சொன்னாலும், முதலில் உன் தொட்டியின் அளவு, உள்ளே இருப்பவை, கடைசியாக அளந்த எண்கள் எல்லாவற்றையும் சொல்லு. அப்புறம், "உங்க தொட்டி எப்படிப்பட்டது, எத்தனை வருஷமா ஓடுது, எப்பவாவது மீன் செத்திருக்கா?" என்று கேளு. "ஒன்னுகூட செத்ததில்ல" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. எது செத்தது, ஏன் செத்தது என்று விலாவாரியாகச் சொல்பவரிடம் உட்கார்ந்து பேசு.

அவர் சொல்வதைச் செய்து அது தப்பாகப் போனால் திரும்ப முடியுமா என்றும் யோசி. விளக்கு நேரத்தைக் குறைப்பது, தீனியைக் குறைப்பது, தண்ணீர் மாற்றுவது, இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது இவற்றையெல்லாம் யார் சொன்னாலும் செய்து பார்க்கலாம். சரியில்லை என்றால் நிறுத்திவிடலாம். மருந்து ஊற்றுவது, புது மீன் போடுவது, பாறையை மாற்றுவது இவற்றை ஊற்றியபின், போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. இரண்டாவது வகை என்றால் குறைந்தது இரண்டு பேரிடம் கேள், ஒருவர் கடைக்காரர், ஒருவர் ஆர்வலர். இருவரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் செய்யாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். உப்பின் அளவைப் பார்க்க ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வேண்டாம், ரெஃப்ராக்டோமீட்டர் வாங்கு என்றேன். ஊசியில் ஒரு குமிழ் ஒட்டினாலே கணக்கு தப்பும். ரெஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி அளவுள்ள கரைசலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அளவே தப்பாக இருந்தால், யாரிடம் ஆலோசனை கேட்டும் என்ன புண்ணியம்?

அவன் போன வாரம் செய்தி அனுப்பினான். கடைக்காரரிடம் திரும்பப் போய், தன் எண்களைக் காட்டிப் பேசியிருக்கிறான். முன்பு "நாளைக்கே போடலாம்" என்ற அதே கடைக்காரர், எண்களைப் பார்த்துவிட்டு, "நைட்ரைட் இன்னும் இறங்கலையே தம்பி, அடுத்த சனிக்கிழமை வாங்க, அப்ப பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பாட்டிலையும் விற்கவில்லை.

தொட்டி நான்காவது வாரமாக ஓடுகிறது. உள்ளே பாறையும் மணலும் தண்ணீரும் மட்டும்தான். பாட்டி தினமும் சாயங்காலம் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மீன் எங்கடா?" என்று கேட்கிறாராம்.